சவுண்ட்காரருக்குக் காசு, பாட்டுக்காரருக்குப் பொன்னாடை

திருகோணமலையில் ஒரு சனி, ஞாயிறு நூல் வெளியீடோ இரத்ததான முகாமோ இன்னிசை மாலையோ இல்லாமல் கழிகிறதென்றால், ஒன்று மாரி கொட்டுகிறது, அல்லது உயர்தரப் பரீட்சை நடக்கிறது. மற்றபடி மணிக்கூட்டுச் சந்தியில் பதாகைக்கு மேல் பதாகைதான். ஒரு சங்கத்தின் பதாகை இன்னொரு சங்கத்தின் பிரதம விருந்தினருடைய முகத்தை மறைத்துவிட்டது என்று இரண்டு தரப்பும் மாதக்கணக்கில் கதைக்காமல் திரிந்ததும் உண்டு.

நான் மேடை அறிவிப்பாளன். சோறு போடும் தொழில் வேறு; அறிவிப்பு வார இறுதி வேலை. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நிகழ்ச்சி மட்டும்தான் தெரியும். மைக்கோடு ஓரத்தில் நிற்பவனுக்குத் திரைக்குப் பின்னால் யார் கையில் எந்தக் கவர் போகிறது, யாருக்குக் கவரே இல்லை என்பதும் தெரியும். அந்தக் கவர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஊர் நிலவரம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி கடந்தும் விடாது. அந்த நாட்களில் வெளியில் மேடை போடுகிறவருக்கு நெஞ்சில் துணிவு வேண்டும், ஜெனரேற்றருக்கு மேலே தறப்பாளும் வேண்டும். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கும். கொழும்பிலிருந்து சனம் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்து இறங்குவதும் அப்போதுதான். கோயில் திருவிழா, பழைய மாணவர் சங்கத்து ஒன்றுகூடல், கம்பஸ் கலைவிழா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுவதும் அப்போதுதான். சனிக்கிழமை பகல் முழுக்க ரியூசன், ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை. ஆகவே எந்த விழாவும் பிற்பகல் 3 மணிக்குத்தான். அழைப்பிதழில் 3 மணி என்றால் நான் வீட்டில் குளிக்கப் போகும் நேரம் 3 மணி.

கம்பஸ் என்று இங்கே சொல்வது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தை. நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 2001இல் வளாகமானது. சித்த மருத்துவம், கணினி, தொடர்பாடல், முகாமைத்துவம் என்று படிக்க நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் வந்த பிறகுதான் மண்டபத்தில் கறுத்த தலைகள் கூடின. அதற்கு முன்பும் இது பள்ளிக்கூட ஊர்தான். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலானந்த அடிகள், இங்கே இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். எந்த விழாவில் யார் பேசினாலும் இந்த விசயத்தை ஒருக்கால் சொல்லாமல் இறங்கமாட்டார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

இப்போது கவர். கவர்களின் சொந்த ஊர் நூல் வெளியீட்டு விழா. இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புத்தகத்தை மேடையில் வைத்தே கொடுப்போம். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை எல்லாம் முடிந்து முதற்பிரதி. ஊரில் கை ஓடும் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். அவருடைய பெயரை அடைமொழியோடு நான் வாசிக்க வேண்டும். அடைமொழியை அவரே எழுதித் தந்திருப்பார். பிறகு சிறப்புப் பிரதிகள். ஒவ்வொருவராகப் படியேறி, இடது கையால் கவரை நூலாசிரியரிடம் நீட்டிவிட்டு, ஐயோ இடது கை என்று நினைவு வந்து வலது கைக்கு மாற்றிக் கொடுத்து, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கமராவைப் பார்ப்பார்கள். புத்தகத்தின் அச்சு விலைக்கும் கவருக்குள் இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. விலையின் பத்து மடங்கு வைப்பவரும் உண்டு. சரியாக விலையை மட்டும் வைத்துக் கவரை நன்றாக ஒட்டிக் கொண்டுவருபவரும் உண்டு. கலியாண வீட்டு அன்பளிப்பு மாதிரித்தான், அன்றிரவு வீட்டில் பாய் விரித்து எண்ணுவார்கள், பெயர் எழுதாத கவர் யாருடையதென்று ஊகிப்பார்கள், அடுத்த நாள் அச்சகக் கடன் அடையும்.

இந்த வழக்கத்தைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய புத்தகத்தை யார் வாசிக்கிறார்கள் என்பார்கள். அது வேறு கவலை. என் கண்ணுக்கு இது மிக நாகரிகமான ஏற்பாடு. எழுதினவர் கடனாளியாகக் கூடாது என்று ஊர் கூடி நினைக்கிறது, அவருடைய கையிலேயே கொடுக்கிறது, இடையில் செயலாளரும் இல்லை பொருளாளரும் இல்லை. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுவதை 1895இல் எழுதியவர் எங்கள் ஊரைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை. எழுத்துக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது, அந்த மரியாதைக்குக் கவர் வடிவமும் இருக்கிறது.

அதே மண்டபம், மறுநாள். உதவி நிதிக்காக இன்னிசை மாலை. முந்தின நாள் எழுத்தாளருக்குக் கவர் கொடுத்த அதே ஆட்கள்தான் ஏற்பாட்டுக் குழு. பாட வந்தவருக்குக் கவர் இல்லை.

குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் யாராவது ஒருவரின் ரியூற்றறியில், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, சின்ன வாங்குகளில் முழங்காலை மடித்துக்கொண்டு நடக்கும். சீ.ஆர். கொப்பியின் நடு ஒற்றையைக் கிழித்துச் செலவு எழுதுவார்கள். ஒரு முறை நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒற்றை இது: மண்டபம். சவுண்ட். லைட். ஜெனரேற்றர் (டீசல் புறம்பு). பதாகை. வீடியோ. மாலை. பொன்னாடை. நினைவுச் சின்னம். சிற்றுண்டி. ஓட்டோ. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. ‘கலைஞர்கள்’ என்றும் ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே சின்னதாக ஒரு கோடு. கோட்டைப் பார்த்துவிட்டு நான் தலையை நிமிர்த்தினேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை எடுக்காமலே சொன்னார்:

“அவங்க எங்கட ஆக்கள்தானே. நல்ல காரியத்துக்குத்தானே கேக்கிறம்.”

நல்ல காரியம் என்று சொன்னால் சவுண்ட்காரர் விலை குறைப்பாரா? பத்துக்கு ஒன்று குறைப்பார், அதுவும் முற்பணம் கையில் வந்த பிறகு. மண்டபக்காரர் குறைக்கமாட்டார். பூக்கடைக்காரர் சிரிப்பார். ரிக்கற் விற்றால் கேளிக்கை வரி விலக்குக் கேட்டு உள்ளூராட்சிச் சபைக்குக் கடிதம் கொடுத்து அலைய வேண்டும்; அங்கேயும் நல்ல காரியம் என்ற சொல் மட்டும் போதாது, எழுத்தில் காட்ட வேண்டும். ஆக அந்தச் சொல்லுக்கு மயங்க வேண்டியவர் பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஆடுகிறவரும் மட்டுமே.

அவர்கள் யார்? மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பக்கத்திலோ வருடக்கணக்கில் படித்துப் பட்டம் எடுத்தவர்கள். அல்லது வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரம் வரைக்கும் போனவர்கள். ஆசிரியர் நியமனம் கிடைத்தவர்களுக்குச் சம்பளம் உண்டு. கிடைக்காதவர்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து வகுப்பு எடுக்கிறார்கள். பரீட்சைக் காலம் வந்தால் பெற்றோர் முதலில் நிறுத்துவது இந்த வகுப்பைத்தான். கணக்கு ரியூசன் நிற்காது, வயலின் நிற்கும்.

தம்பலகாமத்திலிருந்து வரும் ஒரு வயலின் ரீச்சர். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பனை அறையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். பிரதம விருந்தினர் மேடையில் தன் இளமைக் காலத்துக்குள் இறங்கி மேலே வர மறந்துபோயிருந்த நேரம்.

“தம்பி, எங்கட ஐற்றம் எத்தனை மணிக்கு வரும்? கடைசி பஸ் போச்செண்டா ஓட்டோதான்.”

“இன்னும் ரெண்டு பேச்சு இருக்கக்கா.”

“சரி சரி. ஓட்டோக்கு நானே குடுக்கிறன். சேவைக்கு வந்திட்டு அதைக் கேக்க ஏலுமா.”

அன்று அந்த அக்கா ஓட்டோவில்தான் போனார். போகும்போது கையில் ஒரு பொன்னாடை இருந்தது. வீட்டில் என்ன செய்வீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். தலையணை உறை தைக்கலாம், ஆனால் சரிகை கன்னத்தில் குத்தும், அதனால் வயலினுக்கு மேலே போடும் துணியாக வெட்டிவிட்டேன் என்றார். கண்ணில் கேலி இருந்தது. கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து மண்டபத்தில் நடக்கும் இரத்ததான முகாமைப் பார்த்தால் இதன் கோணல் இன்னும் தெளிவாகும். இலங்கையில் இரத்தம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. 2014 முதல் தேசிய இரத்தமாற்று சேவைக்கு வரும் முழு இரத்தமும் தன்னார்வக் கொடையாளரிடமிருந்து வருவதுதான். முழு இலவசம், முழுச் சேவை. ஆனால் அங்கே கொடுக்கிறவரைப் பார்த்துக்கொள்ளும் விதம் இருக்கிறதே! 18க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதா என்று பார்ப்பார்கள். விரலில் குத்தி, உன்னிடம் கொடுப்பதற்கு இருக்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். காலையில் சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா என்று கேட்பார்கள். எடுத்த பிறகு படுக்க வைத்து, குடிக்க ஏதாவது தந்து, தலை சுற்றவில்லை என்று உறுதியான பிறகுதான் எழும்ப விடுவார்கள். அதைவிட, நான்கு மாதம் போகாமல் நீ கெஞ்சினாலும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

எங்கள் மிருதங்கக்காரரை வைகாசியில் மூன்று வாரமும் அடுத்தடுத்து மூன்று சங்கங்கள் கூப்பிட்டன, மூன்றும் நல்ல காரியம். இடையில் நான்கு மாதம் விடவேண்டும் என்று யாராவது சொன்னார்களா?

முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. செங்குருதிக் கலங்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரைக்கும் வைக்கலாம், குருதிச் சிறுதட்டுகளுக்கு (பிளேட்லெற்) 5 நாள்தான். அதனால் ஆண்டு விழாவன்று எல்லாச் சங்கமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முகாம் போட்டுப் படம் எடுப்பதைவிட, பங்கு பிரித்து வாரா வாரம் போட்டால் இரத்த வங்கிக்கு உதவி. டெங்குக் காலத்தில் இது இன்னும் உண்மை. சங்கங்கள் ஒன்றோடொன்று கதைத்தால்தானே பங்கு பிரிக்கலாம் என்கிறீர்களா, அதுவும் சரி.

“கலைக்குக் கூலி பேசுவதா? முந்தின காலத்தில் தெய்வத்துக்காகப் பாடினார்கள்” என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். முந்தின காலம் என்றால் எங்கள் ஊரில் கோணேசர் கோயில்தான். சம்பந்தர் பதிகம் பாடிய தலம். 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இப்போதிருக்கும் கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அந்தப் பழைய கோயிலின் ஒழுங்குகளைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு என்ற நூலை எடுத்துப் பாருங்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிற் பணிகளுக்கென்று குடிகளைக் கொண்டுவந்து இருத்தியதையும், இன்னாருக்கு இன்ன தொழும்பு (கோயில் ஊழியம்) என்று வகுத்ததையும், அவர்கள் சீவிக்க வயல் நிலம் விட்டதையும் சொல்கிறது. தெய்வத்துக்காகத்தான் பாடினார்கள், ஆடினார்கள். பாடினவர்களுடைய வீட்டில் நெல்லும் இருந்தது. நாங்கள் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வயலை மறந்துவிட்டோம்.

நவராத்திரிக் கும்பத்தை இதற்குச் சரியான எதிர்க்கணக்காகக் காட்டுவேன். வெளியூரில் கொலு வைப்பார்கள். திருகோணமலையில் கும்பம் வைத்து, உடுக்கடித்துப் பாடி, இரவில் தலையில் சுமந்து தெருத்தெருவாக ஆடிப் போவார்கள். அலங்காரம் ஆளைவிட உயரமாக நிற்கும். சுமக்கிற பொடியன் கழுத்தை அசைக்காமல் காலால் மட்டும் தாளத்தைப் பிடிப்பான். நெற்றியில் வியர்வையும் குங்குமமும் ஒன்றாக வழிந்து கண்ணுக்குள் போகும், துடைக்கக் கை இல்லை, பக்கத்தில் ஓடி வருகிற தோழன்தான் துவாயால் ஒற்றிவிடுவான். அங்கே பிரதம விருந்தினர் கிடையாது. ரிக்கற் கிடையாது. வாசலுக்கு வாசல் தண்ணீரும் பழமும் காசும் வருகிறது, உடுக்குக்காரருக்கு உரியது உடுக்குக்காரருக்குப் போகிறது. பார்க்கிற சனம் நேரடியாகக் கொடுக்கிற இடத்தில் கணக்கு கோணுவதில்லை என்பது என் அனுபவம்.

இரவுக் கூட்டம் என்பதே இந்த ஊருக்கு ஒரு காலம் இல்லாமல் போயிருந்தது. 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை, கடற்கரையில் காந்தி சிலையடியில் கூடியிருந்த மாணவர்களில் 5 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்த மாலைக்குப் பிறகு பிள்ளையைப் பொழுதுபட்டு வெளியே அனுப்பத் தாய்மாருக்கு வருடக்கணக்கில் மனம் வரவில்லை. விழாக்கள் வெயிலோடு தொடங்கி வெயிலோடு முடிந்தன. கிண்ணியாப் பக்கத்துக்கு இன்னொரு தடையும் இருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரில் திறக்கும்வரைக்கும் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். கவியரங்கத்தில் கிண்ணியாக் கவிஞர் ஒருவர் கவிதையின் நடுவில் மணிக்கூட்டைப் பார்த்தால், அவருக்குப் பாதை போகப்போகிறது என்று சபைக்கு விளங்கும். இப்போது அவர்கள் கடைசி வரைக்கும் இருக்கிறார்கள். நன்றியுரை வரைக்கும் இருக்க வேண்டிய தண்டனையும் சேர்ந்து வந்திருக்கிறது.

கடற்கரையில் மேடை போடுகிறவர்களுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை. தோரணத்தைப் பச்சையாகக் கட்டினால் மான் தின்னும். டச்சு குடாப் பக்கத்துப் புள்ளிமான்களுக்குச் சனத்தைக் கண்டு பயம் கிடையாது. ஒருக்கால் வரவேற்பு நடனத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒரு கிளைக்கொம்பன் வந்து வாழைக்குருத்துத் தோரணத்தை ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காக மென்றுகொண்டு போனது. அன்று விழாவில் வயிறு நிறைந்த ஒரே கலைஞர் அதுதான்.

சரி, கம்பஸ் பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். அவர்களில் ஒரு கூட்டம், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்க ஒரு மாலை நிகழ்ச்சி போட்டார்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் அறிவிப்பு. சிங்களப் பகுதியை மாத்தறைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று என்னைவிட நன்றாகச் செய்தது. அவர்களுடைய கணக்குத் தாளில் கலைஞர் வரிக்கு நேரே தொகை இருந்தது. பெரிய தொகை என்று சொல்லமுடியாது. ஆனால் முதல் வரியில் இருந்தது, சவுண்டுக்கும் மேலே. நினைவுச் சின்னம், பொன்னாடை, வீடியோ மூன்றையும் வெட்டியிருந்தார்கள். கவரை நிகழ்ச்சி முடிந்து இருட்டில் வைத்துத் திணிக்காமல், ஒத்திகை நாளிலேயே பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். தபேலாக்காரர் மட்டும் வாங்கிவிட்டு, அதே கவரை அப்படியே உண்டியலில் போட்டார். போடுவது அவருடைய விருப்பம். கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கும் கொடுத்த பிறகு அவரே திருப்பித் தருவதற்கும் நடுவில் இருப்பதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்ல முயல்கிறேன்.

கடைசியில் உதவிக்குப் போன தொகை குறைந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. வரவு செலவை மறுநாளே வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். “கலைஞர்களுக்குக் கொடுத்ததில் இன்னும் கொஞ்சம் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கியிருக்கலாமே” என்று ஒருவர் எழுதினார். “ஜெனரேற்றருக்குக் கொடுத்ததிலும் வாங்கியிருக்கலாம், ஐயா” என்று ஒரு பிள்ளை பதில் போட்டது. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒரு நாள் முழுக்கக் காலை வணக்கப் படங்கள்தான்.

நானும் இப்போது கூப்பிடுகிறவர்களிடம் கணக்குத் தாளைக் காட்டச் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் தரவேண்டாம், பாடுகிறவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்பேன். சிலர் அதோடு அடுத்த அறிவிப்பாளரைத் தேடிப் போய்விடுகிறார்கள். திருகோணமலையில் அறிவிப்பாளருக்குப் பஞ்சமில்லை.

மழைக்கு முன்னால் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு இசை மாலை போடுகிறோம். வயலின் அக்கா வருகிறார், ஓட்டோவும் ஏற்பாடு. நோட்டீசில் ரிக்கற் விலைக்குக் கீழே, அதில் எவ்வளவு கலைஞருக்கு, எவ்வளவு உதவிக்கு என்று அச்சடிக்கப்போகிறோம். பேச்சு இரண்டுதான், இரண்டும் ஐந்து நிமிடம். நினைவுச் சின்னத்தை வெட்டியாயிற்று. பொன்னாடையை வெட்டுவதற்கு உபதலைவர் இன்னும் சம்மதிக்கவில்லை. எட்டுப் பொன்னாடை அவருடைய வீட்டிலேயே புதிதாகக் கிடக்கிறதாம், எல்லாம் அவருக்குப் போட்டவை, செலவு ஒன்றும் வராது என்கிறார்.